கியர் வண்டிதான் என்று நான் சொன்னேன்

இன்று காலை வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில், கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க் கார் ஒன்று ஏற மாட்டாமல் உறுமிக்கொண்டு நின்றது. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டதால் பாதி மேட்டில் நிறுத்திவிட்டு, மறுபடி எடுக்கத் தெரியாமல் யாரோ திணறிக்கொண்டிருந்தார்கள். ஒரே கருகல் நாற்றம். எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, யார் வீட்டிலோ சோறு அடிப்பிடித்துவிட்டது என்றாள். சோறு இல்லை. கிளட்ச் பிளேட்டு. எனக்குத் தெரியும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பாதி வாசல் கூட்டாமலே கிடக்கிறது.

வைகாசியில் போனீர்கள். இப்போது மாசி. முப்பத்துநாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், உங்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் தேவையே வந்ததில்லை. ஐந்தாவது வரை படித்த எழுத்து இது. கோணலாக இருந்தாலும் நீங்கள் படித்துவிடுவீர்கள்.

கார் வாங்கும்போது கியர் வண்டிதான் வேண்டும் என்று சொன்னது நான். நம் மகள் கயல் அதை உங்கள் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, "அப்பா பேச்சைக் கேட்டிருக்கவே கூடாதும்மா, ஆட்டோமேட்டிக் வாங்கியிருந்தா நீ ஓட்டியிருப்ப" என்று என் மடியில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். நீங்கள் பக்கத்திலேயே படுத்திருந்தீர்கள், நான் வாய் திறக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வரை திறக்கவில்லை.

உங்கள் இடது காலை நான் முதலில் பார்த்தது கல்யாணமாகி மூன்றாம் நாள். முட்டி ஒரு பக்கமாகத் திரும்பி, எலும்பு ஒன்று பிதுங்கிக்கொண்டு இருந்தது. பார்க்காதது போல இருந்தேன். நீங்களேதான் சொன்னீர்கள். உங்கள் அப்பா, என் மாமா, குத்தகைக்குப் பயிர் செய்த மூன்று மா நிலத்தைக் குத்தகைக்காரர் என்று தாலுகா ஆபீஸில் தன் பேரில் பதியப்போய், நிலத்துக்காரரான பண்ணை வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து, நடவு அன்றைக்கு ஆள் விட்டு மறித்தார்கள் என்று. மாமாவை அடிக்க ஓங்கிய மண்வெட்டிக் காம்புக்கு நீங்கள் குறுக்கே போனீர்கள். கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய், மாமாவும் போய், நிலமும் போய்விட்டது. பிறகு அதே இடத்தில் நாலுவழிச் சாலை வந்தது. நம் வயல் இருந்த இடம் இப்போது தார்.

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். முடியாது என்று ஊரே சொன்னதாம். காலால் மட்டும் மிதிக்க வராது, இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கி, உடம்பையே அந்தக் கால்மேல் சாய்த்துத்தான் கிளட்ச்சை மிதிப்பீர்கள். டிராக்டர், அப்புறம் நெல் மூட்டை லாரி, கடைசியில் பள்ளிக்கூட வேன். எல்லாமே மெதுவாகப் போகிற வண்டி. கவர்மெண்டு கொடுத்த கலர் டிவியில் ஊரெல்லாம் சீரியல் பார்த்தது. நீங்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கார் பந்தயம் பார்ப்பீர்கள். என்ன இது, ஈ மாதிரி சுத்திச் சுத்தி வருது என்று நான் கேட்பேன். "அந்த வளைவுல பாரு புள்ள, எந்த கியர்ல திரும்புறான் பாரு" என்பீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் இடது கால் தரையை மிதிப்பது மட்டும் தெரியும்.

கயல் படித்து, ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலைக்குப் போய், லோன் போட்டு உங்களுக்கு ஒரு கார் வாங்கித் தருவேன் என்று நின்றாள். பெரிய கார் வேண்டாம் என்றீர்கள். சின்னதாக, சிவப்பாக, பின்னால் குட்டி இறக்கை வைத்து, தொட்டால் பாயும் என்று சொல்கிற வண்டி ஒன்றை அவள் ஃபோனில் காட்டினாள். அறுபது வயதுக்காரர் கன்னம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அது இரண்டு விதமாக வருகிறது என்று அவள் விளக்கினாள். ஒன்று கியர் போட்டு ஓட்டுவது. இன்னொன்றில் கிளட்ச்சே கிடையாது, அதுவே மாற்றிக்கொள்ளும். இடது காலுக்கு வேலை இல்லை.

"அது என்ன வண்டி, ராட்டினம் மாதிரி" என்று நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ, "ரெண்டாவதே எடுப்போம்" என்றீர்கள். கயலுக்கே ஆச்சரியம். அவள் ஊருக்குப் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள். "எனக்கில்ல புள்ள. அதுன்னா நீயும் ஓட்டலாம். எனக்கு எங்கயாச்சும் முடியலைன்னா யாரு எடுக்கிறது?" நான் சிரித்தேன். ஆடு மேய்க்கவே பயப்படுகிறவள் காரா ஓட்டப் போகிறேன் என்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் ஆட்டோமேட்டிக் வந்திருக்கும். அடுத்த நாள் உங்கள் முட்டிக்குத் தைலமும் மாட்டுகிற உறையும் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். பண்ணை வீட்டுப் பேரன் அங்கே நின்றிருந்தார். நல்ல மனுஷர்தான். அவர் தாத்தா மாமாவை டேய் என்றுதான் கூப்பிடுவாராம், இவர் என்னை அக்கா என்கிறார். என் கையில் இருந்த உறையைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கா? கார் எடுக்கப் போறீங்களாமே, சந்தோசம். கியர் இல்லாத வண்டியா எடுத்துக் குடுங்கக்கா. பாவம், அந்தக் காலை வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு மிதிப்பாரு" என்றார்.

குத்திச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்குப் பொறுத்திருக்கும். அந்தப் பாவம்தான் பொறுக்கவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பின்னாலேயே அதற்கென்று எழுத்து ஒட்டியிருப்பார்களாம், கயல் சொல்லியிருந்தாள். அந்த எழுத்தோடு நீங்கள் மேலத்தெருவில் போவீர்கள். பண்ணை வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் படித்துவிட்டு உச்சுக் கொட்டுவார்கள். நாங்கள் ஒடித்த கால் கடைசியில் ஒடிந்த கால்தான் என்று அவர்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் நினைப்பார்.

கியர் வண்டிதான் என்று வந்ததும் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் கோபப்படவில்லை.

"அவன் என்ன நெனச்சா நமக்கென்ன. கால் என்னுது புள்ள."

"கால் உங்களுது. ஒடிச்சது அவங்க" என்றேன். "அவங்க வாசல் வழியா நீங்க கிளட்ச் மிதிச்சுக்கிட்டுப் போகணும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

நீங்கள் முட்டியில் உறையை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போன அன்றைக்கும் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தீர்கள். இப்போது நினைத்தால் தெரிகிறது. அங்கே இருந்த பெண்ணிடம் என்னவோ பேசி, பின்கட்டு மைதானத்துக்கு ஆட்டோமேட்டிக் வண்டியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தீர்கள். பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலே போதும் என்று அந்தப் பெண் சொன்னாள். எடுத்தேன். வண்டி தானாக நகர்ந்தது, மாடு கயிற்றை அவிழ்த்ததும் நடக்கிற மாதிரி. வேப்பமரத்தைச் சுற்றி இரண்டு சுற்று. யார்மேலும் மோதவில்லை. "ஓட்டிட்டியே புள்ள" என்று பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னீர்கள். அம்மா நல்லா ஓட்டுறீங்களே என்று அந்தப் பெண்ணும் சொன்னாள். அது வரைக்கும் யாரும் என்னை எதிலும் நன்றாகச் செய்கிறாய் என்று சொன்னதில்லை, நடவைத் தவிர. உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். ஆனாலும் இறங்கினதும் பண்ணை வீட்டுப் பேரன் சொன்ன அந்தப் 'பாவம்'தான் ஞாபகம் வந்தது.

எந்த வண்டி எழுதட்டும் என்று அவள் பேனாவோடு கேட்டாள். ஆட்டோமேட்டிக் என்று நீங்கள் சொன்னீர்கள். கியர் வண்டியே எழுதும்மா என்று நான் சொன்னேன். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "எழுதிக்கம்மா. வீட்ல சொல்றதுதான்."

கயலிடம், "நான்தான் கடைசி நிமிஷத்துல மாத்திட்டேன்" என்று ஃபோனில் பழியை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அவள் கத்தினாள். நீங்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே திட்டு வாங்கினீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வண்டி வந்த பிறகு மேலத்தெரு வழியாகத்தான் முதலில் போனோம். நான் கேட்டதுதானே. பண்ணை வீட்டு வாசலில் யாருமே இல்லை. ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நீங்கள் அடக்கமாட்டாமல் சிரித்தீர்கள். பிறகு நாலுவழிச் சாலையில் ஏறினோம். நம் வயல் இருந்த இடம் வரும்போது சத்தமாகச் சொன்னீர்கள். "இந்த எடத்துலதான் அடிச்சானுவ. இந்த எடத்துலதான் டாப் கியர்." இடுப்பைத் தூக்கி அந்தக் காலால் ஒரு மிதி. வண்டி அப்படியே பாய்ந்தது. நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன், பயமா சந்தோஷமா தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தரம் அந்த வழியாகப் போனாலும் அந்த இடத்தில் அதையேதான் சொல்வீர்கள், அதையேதான் செய்வீர்கள். இப்போது எனக்கு மிச்சமிருக்கிற ஒரே நல்ல ஞாபகம் அதுதான். அதையும் முழுசாக நினைக்க முடியவில்லை. மிதிக்கிற அந்தக் கால் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

டவுனுக்குப் போய் நெரிசலில் ஊர்ந்துவிட்டு வந்த நாட்களில் முட்டி பந்து மாதிரி வீங்கியிருக்கும். சாயங்காலம் தைலம் தடவிவிடுவேன். வலிக்குதா என்றால் இல்லை என்பீர்கள். என் கைக்குக் கீழேதான் அந்த வீக்கம் இருந்தது. தெரிந்துதான் தடவினேன். அப்போதும் தப்புச் செய்துவிட்டோம் என்று தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

எனக்கு ஓட்டச் சொல்லித் தர நீங்கள் பார்க்காமல் இல்லை. நெல் காயப்போடும் களத்தில் மூன்று நாள் சாயங்காலம். கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு முட்டு முட்டி நின்றுவிடும். கோழிகள் சிதறி ஓடும். "கன்னுக்குட்டி பால் குடிக்கிற மாதிரியே முட்டுது பாரு" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நாலாம் நாள் நான் போகவில்லை. "நீங்க இருக்கீங்கள்ல, எனக்கெதுக்கு" என்றேன்.

அந்த வைகாசி மத்தியானம் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். வளைந்து வளைந்து போகும் என்று ஆற்றங்கரைச் சாலையைத்தான் எப்போதும் பிடிப்பீர்கள். தண்ணீர் விடாத மாதம். ஆற்றில் மணல்தான். இரண்டு பக்கமும் உழாத வயல். தண்ணீர் போகிற காலமாக இருந்தால் துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட என்று கரையில் ஆள் இருக்கும். அன்றைக்கு ஒரு குருவி இல்லை. மதகுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம் கட்டினீர்கள். சட்டை முழுக்க வேர்வை. நெஞ்சில் கை.

நீங்களே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தீர்கள். நான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். ஆற்றங்கரை என்றேன். எந்த ஊர் எல்லை என்று கேட்டார்கள். மதகு, புளியமரம், மணல் என்று என்னென்னவோ உளறினேன். நீங்கள்தான் ஃபோனை வாங்கி ஊர்ப் பெயரைச் சொன்னீர்கள். பிறகு, "வண்டிய எடு. நீ எடுத்துருவ" என்றீர்கள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச்சை மிதி, ஒன்றில் போடு, மெதுவாக விடு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்தில் சொன்ன மாதிரியே சொன்னீர்கள். முட்டி நின்றது. மறுபடி. மறுபடி முட்டியது. நாலு தரம். ஒரு தரம்கூட என்னைத் திட்டவில்லையே நீங்கள். ஐந்தாம் தரம் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்துவிட்டேன். வண்டி அலறியது. அந்தக் கருகின நாற்றம் உள்ளே நிறைந்தது. ஆனால் நகர்ந்தது. புளியமரம் பின்னால் போனது.

"வருது பாரு. வந்துருச்சு புள்ள."

அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசினது. நான் சந்தோஷமாக உங்கள் பக்கம் திரும்பினேன். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. எல்லாக் காலையும் எடுத்துவிட்டேன். வண்டி முட்டி நின்றது.

ஆம்புலன்ஸ் வந்தபோது மரத்தின் நிழல் சாலையைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை மணிக்கு வலி வந்தது என்று கேட்டாள். சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தாள். அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று கயல் சொன்னாள். நான் விடவில்லை. ஐப்பசியில் டவுனில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மகள் தூரத்தில் இருக்கிறாள், அவசரத்துக்கு ஆகும் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பதினோரு நாள்தாங்க. பதினோராம் நாள் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, முட்டாமல் எடுத்தேன். சொல்லிக்கொடுத்தவர், "டக்குனு புடிச்சுக்கிட்டீங்கம்மா, முன்னாடியே கத்துக்கிட்டிருக்கலாம்ல" என்றார். வீட்டுக்கு வந்து முற்றத்தில் அப்படியே உட்கார்ந்தேன். நீங்கள் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தீர்கள். இன்னும் எட்டு நாள் நான் களத்துக்கு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு நாள்.

போன வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். இந்த வருஷம் தண்ணீரை இன்னும் நிறுத்தவில்லை, கரையில் ஆட்கள் இருந்தார்கள். மதகுக்கு முன்னால், நீங்கள் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினேன். ஃபோனில் மணி பார்த்தேன். கிளட்ச், ஒன்று, மெதுவாக விட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி மறுபடி மணி பார்த்தேன். பதினாலு நிமிஷம். நடுவில் ஒரு தரம்கூட வண்டி நிற்கவில்லை.

அப்போது பார்த்துக் கயல் கூப்பிட்டாள். எங்கம்மா இருக்கே, ஒரே சத்தமா இருக்கு என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் என்றேன். பதறிவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் தள்ளிப்போட முடியாமல் சொன்னேன்.

"கியர் வண்டி கேட்டது அப்பா இல்லடி. நான்தான். அப்பா எனக்காக ஆட்டோமேட்டிக்தான் எழுதச் சொன்னாரு."

அவள் ஆபீஸில் யாரோ சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "பேஷண்ட எறக்கிட்டு வண்டிய எடுங்கம்மா, பின்னாடி வண்டி நிக்குது."

யாரும் இல்லைங்க என்றேன். அவர் குனிந்து இடது சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் ஃபோன் நின்றுவிட்டிருந்தது. இன்றைக்கு ஐந்தாம் நாள். கயல் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. உங்கள் மேல் கிடந்த பழியை இறக்கிவிட்டேன் என்று மனசு லேசாகும் என நினைத்தேன். ஆகவில்லை.

பாலத்தில் நின்ற வண்டியை நாலு பேர் தள்ளி ஏற்றிவிட்டார்கள் போல. சத்தம் நின்றுவிட்டது. நாற்றம் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு வாங்கிய தைலத்தில் பாதி புட்டி மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டவுன் வழியாக வந்ததில் என் இடது முட்டி வீங்கிக்கொண்டது. அடிபடாத, ஒடியாத கால் இது. அதற்கே இப்படி இருக்கிறது. நானே எடுத்துத் தடவிக்கொள்கிறேன். கிளட்ச் கனமாகத்தான் இருக்கிறதுங்க. நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை.